ஃப்ராங்கெத்தியென் வாழ்ந்த வழியில்: ஹைட்டி நாட்குறிப்பு

இந்தக் குறிப்புகள் ஹைட்டியின் தலைநகரான போர்த்-ஓ-பிரின்ஸிலிருந்து வடக்கே பேருந்து ஓடிய காலத்தவை. இன்று தலைநகரின் பெரும்பகுதியும் நெடுஞ்சாலை 1-ன் தொடக்கப் பகுதியும் ஆயுதக் குழுக்களின் பிடியில் இருக்கின்றன. 2024 நவம்பரில் தலைநகர விமான நிலையத்தில் ஒரு பயணிகள் விமானத்தின் மீது குண்டு பாய்ந்தது. அதையடுத்து அமெரிக்கா தன் விமானங்கள் அங்கே இறங்கத் தடை விதித்தது. ஆகவே இதைப் பயணத் திட்டமாக எடுக்காதீர்கள். எழுத்தாளரும் ஓவியருமான ஃப்ராங்கெத்தியென்னை எந்த இடத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்று சொல்லும் வரைபடமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 2025 பிப்ரவரி 20 அன்று, 88 வயதில் காலமானார். அதன் பிறகு சேர்த்த வரிகளும் இதில் உண்டு.

முதல் நாள்: பெல் ஏர்

பெல் ஏர் நகரின் பழைய குடியிருப்புகளில் ஒன்று. குன்றின் சரிவில் நெருக்கமான வீடுகள், இடையே ஏறி இறங்கும் குறுகிய தெருக்கள். கீழே நோத்ர்-தாம் பேராலயம். 2010 ஜனவரி 12 மாலை 4:53-க்கு வந்த நிலநடுக்கத்தில் அதன் கூரை விழுந்தது. நிற்பவை சுவர்கள்தாம்.

ஃப்ராங்கெத்தியென் பிறந்தது இங்கல்ல. 1936 ஏப்ரல் 12 அன்று, ஆர்த்திபோனித் பகுதியிலுள்ள ரவீன்-சேஷ் என்ற சிற்றூரில் பிறந்தார். தாய் அன்னெத் எத்தியென், எழுதப் படிக்கத் தெரியாத உழவர் குடும்பப் பெண், அப்போது பதின்வயதுச் சிறுமி. தந்தை பணக்கார அமெரிக்க வெள்ளையர். பிள்ளையைத் தன் பிள்ளை என்று ஏற்கவில்லை. தாய் குழந்தையோடு தலைநகருக்கு வந்து, இந்தக் குன்றில் வளர்த்தார். தாயின் குடும்பப் பெயரான எத்தியென்னைத் தன் பெயரான ஃப்ராங்க்கோடு இணைத்து ஒரே சொல்லாக்கி, பிற்பாடு அதையே தன் பெயராக வைத்துக்கொண்டார்.

கறுப்பர்கள் வாழும் ஏழைக் குடியிருப்பில் வெளிறிய தோலோடு ஒரு சிறுவன். வீட்டிலும் தெருவிலும் மக்களின் பேச்சுமொழியான கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. அந்தப் பள்ளியில் பிரெஞ்சு தெரியாமல் பட்ட அவமானத்தால், பிரெஞ்சு அகராதியைப் பாடப்புத்தகம் போல உட்கார்ந்து படித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய பிரெஞ்சு உரைநடையில் யாரும் கேட்டிராத சொற்கள் கூட்டம் கூட்டமாக வருவதற்கு இது ஒரு காரணம். மொழியைப் பேச்சில் வாங்கியவரின் பிரெஞ்சு அல்ல அது. எழுத்தெழுத்தாகச் சேமித்தவரின் பிரெஞ்சு. அதனால்தான் சொல்லை உடைத்து இன்னொன்றோடு ஒட்டுவதற்கு அவர் தயங்கவே இல்லை. பிற்காலத்தில் இதே பெல் ஏரில் சொந்தப் பள்ளி நடத்தி, கணிதமும் இயற்பியலும் இலக்கியமும் கற்பித்தார். சுருள், சுழற்சி, குழப்பம், ஆற்றல் என்று அவர் எழுதுவதை வெறும் உவமையாகப் படிக்கக் கூடாது. இயற்பியல் வாத்தியாராகவே அவர் அவற்றை எழுதினார்.

நடைமுறைச் செய்தி ஒன்று. கடையிலும், பலரைச் சேர்த்து ஏற்றும் டாப்-டாப் வாடகை வண்டியிலும் விலையை "டோலா" என்றுதான் சொல்வார்கள். அது அமெரிக்க டாலர் இல்லை, ஹைட்டி நாணயமான கூர்த்தில் 5. ஒரு காலத்தில் 5 கூர்த்துக்கு ஓர் அமெரிக்க டாலர் என்று நாணய மதிப்பு நிலையாக இருந்தது. மதிப்பு சரிந்து பல ஆண்டுகள் ஆகியும் கணக்குப் பழக்கம் போகவில்லை. "20 டோலா" என்றால் 100 கூர்த் நோட்டு ஒன்றை நீட்டினால் போதும். புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான், பல சமயம் ஏமாற்றுபவரே இல்லாமல். டாப்-டாப்பில் இறங்க வேண்டுமானால் வண்டியின் உடலைத் தட்டுங்கள், அல்லது "மெசி ஷோஃபே" என்று உரக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள்: ஷான் த மார்ஸ்

நகரின் நடுத்திடல். ஓவியக் கண்ணோடு வருபவர்கள் முதலில் தூய திரித்துவப் பேராலயத்தின் சுவரோவியங்களைக் கேட்பார்கள். 1950-51-ல் ஹைட்டி ஓவியர்கள் தீட்டிய 14 சுவரோவியங்களில் நிலநடுக்கத்துக்குப் பிறகு எஞ்சியவை 3: ஃபிலோமே ஓபானின் கடைசி இராவுணவு, காஸ்தேரா பாசீலின் ஞானஸ்நானம், ப்ரெஃபேத் துஃபோவின் தெரு ஊர்வலம். மூன்றையும் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்துப் பாதுகாத்தார்கள்.

இவற்றை முதலில் பார்த்துவிடுவது நல்லது. 1944-ல் தொடங்கிய சாந்த்ர் தார் என்ற கலைக்கூடம் வழியாக உலகம் அறிந்த ஹைட்டி ஓவியம் இந்த வகைதான்: தெளிவான வண்ணம், கூட்டம், சந்தை, ஊர்வலம், ஒவ்வோர் உருவமும் தனித்தனியாக எண்ணக்கூடிய அளவுக்குத் துலக்கம். ஃப்ராங்கெத்தியென்னின் கித்தான்களில் சந்தை இல்லை, எண்ணக்கூடிய உருவமும் இல்லை. "இது ஹைட்டி ஓவியம் மாதிரி இல்லையே" என்று பலரும் கேட்பதற்கு விடை இந்தத் திடலிலேயே கிடைத்துவிடும்.

இதே நகரம் 1978-ல் அவருடைய கிரியோல் நாடகமான 'பெலன்-தெத்'தைப் பார்த்தது. போலந்து நாடகாசிரியர் ஸ்லாவோமிர் ம்ரோஷெக்கின் நாடகம் ஒன்றை எடுத்து, நியூயார்க் நிலவறை ஒன்றில் வாழும் இரண்டு ஹைட்டிக்காரர்களின் கதையாக மாற்றினார். பிராம் கூலித்தொழிலாளி, படிப்பில்லாதவன். போலிதோ அரசியலால் நாடுகடந்த படிப்பாளி. இருவரும் ஒருவரை ஒருவர் குத்திக் கிழிப்பதுதான் நாடகம் முழுக்க. தூவாலியே என்ற தந்தை, மகன் சர்வாதிகாரிகளின் ஆட்சிக் காலத்தில் நாடு விட்டு ஓடியவர்களைப் பற்றித் தலைநகரத்திலேயே, படிக்காதவருக்கும் புரியும் மொழியில் மேடையேறியது என்பதை நினைவில் வையுங்கள். அரங்கில் பாதிப்பேர் வீட்டில் ஒருவராவது வெளிநாட்டில் இருந்திருப்பார். வாசிக்கத் தெரியாத ஹைட்டிக்காரர்களும் ஃப்ராங்கெத்தியென்னை அறிவார்கள் என்றால் அதற்கு இந்த நாடகமே காரணம். கிரியோல் கற்பவர்கள் இதன் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுப் பிறகு அச்சுப் பிரதிக்குப் போங்கள். முதலில் படித்தால் வேகம் பிடிபடாது.

மூன்றாம் நாள்: டெல்மா

டெல்மா நெடுஞ்சாலை கீழ்நகரத்திலிருந்து பெத்தியோன்-வில் வரை ஏறிப் போகிறது. கிளைத்தெருக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். மேலே ஏற ஏற எண் கூடும். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். டெல்மா 31-க்கு அடுத்த தெரு 32 என்று நினைத்துச் சாலையின் அதே பக்கத்தில் தேடினால் கிடைக்காது. ஃப்ராங்கெத்தியென்னின் வீடு டெல்மா பகுதியில்தான் இருந்தது. வீடு, பட்டறை, ஓவியக்கூடம் மூன்றும் ஒன்றே. சுவர்களிலும் அவருடைய ஓவியங்கள்.

நீலம், கறுப்பு, சிவப்பு. பெரும்பாலான கித்தான்களில் இந்த மூன்றே ஆள்கின்றன. முகம் மாதிரி ஒன்று தொடங்கி, கண்ணருகே வளைந்து, உடலாகி, உடல் முடியும் முன்பே இன்னொரு முகத்துக்குள் புகுந்துவிடும். பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பலர் இங்கே அரை நிமிடத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். முதலில் தள்ளி நின்று வண்ணத்தின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பிறகு கிட்டே வந்து ஒரே ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். அது தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்தால் நீங்கள் கோட்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இவருடைய கோடு மூடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் விலகிப் போகும்.

இதுதான் ஸ்பிராலிசம், தமிழில் சுருளியம் எனலாம். 1965-ல் ரெனே ஃபிலோக்தேத், ழான்-க்ளோத் ஃபின்யோலே, ஃப்ராங்கெத்தியென் மூவரும் தொடங்கிய இயக்கம். சூறாவளியின் சுழற்சி, விண்மீன் திரளின் கை, மரபணு இழை, கடற்சங்கு எல்லாம் சுருள். உயிருள்ள எதுவும் நேர்கோட்டில் போவதில்லை. ஆகவே நாவலும் போகக் கூடாது என்பது அவர்களின் நிலைப்பாடு. ஹைட்டிக்கு இந்த வடிவம் வெளியிலிருந்து வரவில்லை. ஆண்டுதோறும் சூறாவளியைப் பார்க்கும் தீவு அது. அடிமைகள் கிளர்ந்தபோது ஊதிய சங்கு அவர்களின் விடுதலைச் சின்னம். மூவருமே நாட்டிலேயே தங்கினார்கள் என்பது இன்னொன்று. அந்தத் தலைமுறையின் பெரும் பெயர்கள் பலவும் பாரிஸிலும் மான்ட்ரியலிலும் நியூயார்க்கிலும் இருந்தபோது, இவர்கள் தணிக்கைக்குள் உட்கார்ந்து எழுதினார்கள். வெளியே அவர்கள் வெகுகாலம் அறியப்படாமல் போனதற்கும் அதுவே காரணம். வெளியூர்ப் பதிப்பாளர் இல்லை. தன் நூல்களில் பலவற்றை ஃப்ராங்கெத்தியென் போர்த்-ஓ-பிரின்ஸிலேயே, சொந்தச் செலவில் அச்சிட்டார்.

ஓவியத்தைத் தனி வேலையாகவும் எழுத்தைத் தனி வேலையாகவும் பிரித்துப் பேசும் கட்டுரைகளை நாங்கள் ஏற்பதில்லை. 1993-ல் வந்த 'லுவாஸோ ஸ்கிஸோஃபோன்' நூலைத் திறந்தால் போதும். 800 பக்கங்களைத் தாண்டும் அந்தப் புத்தகத்தில் எழுத்தின் அளவு மாறுகிறது, தடிமன் மாறுகிறது, இடையிடையே சித்திரமும் ஒட்டுப்படமும் நாளிதழ்த் துணுக்கும் புகுகின்றன. கதை என்று பார்த்தால், சர்வாதிகாரம் ஓர் எழுத்தாளனைப் பிடித்து, அவன் எழுதிய நூலைத் தாள் தாளாகத் தின்னும்படி தண்டிக்கிறது. அவன் தின்னும் தாளும் நாம் புரட்டும் தாளும் ஒன்றாகிவிடும் இடத்தில், பக்கத்தின் தோற்றமும் கதையாகிவிடுகிறது. மின்னூல் வடிவில் எழுத்தை மட்டும் ஓடவிட்டால் பாதிப் புத்தகம் காணாமல் போகும். படியெடுத்த பக்கங்களையாவது பாருங்கள்.

இதே வீட்டில் 2009 நவம்பரில் 'மெலோவிவி' என்ற நாடகத்தை எழுதினார். இடிந்து நொறுங்கிய ஓரிடத்தில் வெளியேற வழியின்றி இரண்டு பேர். 2010 ஜனவரி 12 பிற்பகலில் அதற்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது நிலம் 7.0 அளவில் குலுங்கியது. வீடு சேதமடைந்தது, அவர் பிழைத்தார். அதே ஆண்டு யுனெஸ்கோ அவரை அமைதிக்கான கலைஞராக அறிவித்தது. தீர்க்கதரிசி என்று பலரும் எழுதினார்கள். அந்தச் சொல் தேவையில்லை என்று நினைக்கிறோம். காடழிந்த மலையும் கம்பியில்லாத சிமெண்டும் அளவுமீறிய கூட்டமும் கண்முன் இருந்த நகரம் அது. உற்றுப் பார்ப்பவருக்கு அதுவே போதும்.

பெத்தியோன்-வில் தெருவோரங்களில் கித்தான் வாங்குவோருக்கு: சட்டத்தோடு விமானத்தில் ஏற்றாதீர்கள். சட்டத்திலிருந்து ஆணியைக் கழற்றி, வண்ணம் தீட்டிய முகம் வெளிப்பக்கமாக இருக்கும்படி, குறைந்தது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் சுற்ற வேண்டும். உள்பக்கமாகச் சுற்றினால் வண்ணப் படலம் அமுங்கி, விரிக்கும்போது வெடிக்கும். அக்ரிலிக் வண்ணம் வெயிலில் இளகும். குமிழ் நெகிழித்தாளை அதன்மேல் நேரடியாக வைத்தால் குமிழ்களின் தடம் வட்டவட்டமாகப் பதிந்துவிடும், பிறகு போகாது. இடையில் வழவழப்பான, அமிலமற்ற தாள் ஒன்று வேண்டும்.

நான்காம் நாள்: நெடுஞ்சாலை 1

வடக்கே போகும் பேருந்துக்கு நேரம் கிடையாது, நிறைந்ததும் கிளம்பும். விடியற்காலையில் ஏறுவது நல்லது. வெயில் ஏறியபின் நிறைய நேரம் எடுக்கும். வழியில் தித்தான்யேன், நிலநடுக்கத்தில் இறந்தவர்களை ஆயிரக்கணக்கில் புதைத்த இடம். அடுத்து கபரே; தந்தை தூவாலியே தன் பெயரால் தூவாலியேவில் என்று மாதிரி நகரம் கட்ட முயன்ற ஊர். அர்க்காயே, வாழைத்தோட்டங்கள், 1803 மே 18 அன்று ஹைட்டியின் கொடி பிறந்ததாகக் கொண்டாடும் ஊர். பிறகு கடற்கரை, சேன்-மார்க். அதைத் தாண்டினால் மலை விலகி, பச்சை வயல் விரிகிறது.

போன்-சோந்தே, ஆற்றுப்பாலத்தருகே சந்திப்பூர். ஆர்த்திபோனித் அரிசி மூட்டை மூட்டையாகக் கைமாறும் இடம். 2024 அக்டோபர் 3 அன்று ஓர் ஆயுதக் குழு இந்த ஊருக்குள் புகுந்து குறைந்தது 70 பேரைக் கொன்றது. அடுத்த நாளின் பகுதியை இதை மனதில் வைத்தே படியுங்கள்.

ஐந்தாம் நாள்: வயல், உப்பு, 'தெசாஃபி'

1975-ல் வெளிவந்த 'தெசாஃபி', ஹைட்டி கிரியோலில் எழுதப்பட்ட முதல் நவீன நாவல் என்று மதிக்கப்படுவது. தலைப்பு பெரிய சேவல்சண்டைக் கூட்டத்தைக் குறிக்கும். களம் புவாநேஃப், ரவீன்-சேஷ் ஆகிய ஊர்கள். ஆம், அவர் பிறந்த ஊர்தான்.

சேன்தில், ஹைட்டி நாட்டார் சமயமான வூடுவின் பூசாரி, மனிதர்களை ஜோம்பிகளாக்கி, அதாவது நினைவற்ற நடைபிணங்களாக்கி, வயலில் வேலை வாங்குகிறான். அவனுடைய கையாள் சோஃபே, சாட்டையோடு நிற்பவன். ஜோம்பிக்கு உப்பில்லாத கஞ்சிதான்; உப்பு நாக்கில் பட்டால் நினைவு திரும்பிவிடும் என்பது ஹைட்டி நம்பிக்கை. பூசாரியின் மகள் சில்தனா, ஜோம்பியாக்கப்பட்ட க்ளோதோனிஸ் மீது ஆசை கொண்டு உப்பிட்ட உணவைக் கொடுக்கிறாள். அவன் விழிக்கிறான். அவன் மற்றவர்களுக்கு உப்பைக் கொடுக்கிறான். அடிமைக் கூட்டம் எழுந்து பூசாரியை முடிக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த நமக்கு, உப்பே எஜமானை ஒழிக்கும் கதை கொஞ்சம் உலுக்கலாகத்தான் இருக்கும்.

சேன்தில் யார் என்று 1975-ல் எந்த ஹைட்டிக்காரருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தந்தை தூவாலியே 1957 முதல் 1971 வரை ஆண்டார், மகன் 1986 பிப்ரவரி 7 வரை. இருந்தும் நூல் தப்பித்தது. நாடகத்தைப் பார்க்கக் கண் போதும், நாவலைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். எழுத்தறிந்தவர்கள் அப்போது கிரியோலில் படிக்கப் பழகவில்லை.

வாசிப்பில் இடறும் இடங்கள் இரண்டு. முதலாவது, குரல்கள். எழுத்துருவைப் பாருங்கள்: நேரெழுத்து, சாய்வெழுத்து, தடித்த எழுத்து என மாறிமாறி வரும். அது அலங்காரமில்லை. ஊரின் கதை ஓர் உருவில், "நாங்கள்" என்று முனகும் கூட்டுக்குரல் இன்னோர் உருவில். தொடக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனால் முப்பது பக்கத்தில் காது பிடித்துவிடும். கதாபாத்திரங்களின் பெயர்ப் பட்டியலோடு மட்டும் படிக்கப் போனால், பெயரற்ற அந்தக் கூட்டுக்குரலைத் தாண்டிவிடுவீர்கள். நாவலின் உயிர் அதில்தான்.

இரண்டாவது, எழுத்துமுறை. கிரியோலுக்கு அரசு ஏற்ற எழுத்துமுறை 1980 ஜனவரியில்தான் வந்தது. நாவல் அதற்கு முந்தியது. இன்றைய பாடநூலில் கிரியோல் கற்றுவிட்டு 1975 பதிப்பைத் திறந்தால், தெரிந்த சொல்லே தெரியாததாகத் தோன்றும். வழி எளிது: வாய்விட்டுப் படியுங்கள். ஒலி மாறவில்லை. வினைச்சொல் திரிவதில்லை என்பதும் உதவும். முன்னால் "தே" வந்தால் நடந்து முடிந்தது, "ஆப்" வந்தால் நடந்துகொண்டிருப்பது, "ப்ரால்" வந்தால் நடக்கப்போவது. கிரியோலுக்குப் பிரெஞ்சோடு சமமாக ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது 1987 அரசியலமைப்பில், அதாவது நாவல் வந்து 12 ஆண்டுகளுக்குப் பின்.

1979-ல் அவரே இதைப் பிரெஞ்சில் 'லே ஸாஃப்ர் தன் தேஃபி' என்று எழுதினார். மொழிபெயர்ப்பு என்று நினைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடாதீர்கள், வரி வரியோடு பொருந்தாது. அதே கதையை இன்னொரு சுற்று சுற்றியிருக்கிறார். தன் பழைய நூல்களைத் திரும்பத் திரும்பத் திருத்தி வெளியிட்டதும் இப்படித்தான். எந்தப் பதிப்பு "இறுதி" என்று தேடுவது வீண்வேலை.

நாவலில் ஜோம்பிகள் குனிந்து நிற்கும் வயல் இந்த வயல்தான். 1956-ல் முடிந்த பெலிக்ர் அணையின் நீர் வாய்க்கால்களில் வருகிறது. நாற்று கையால்தான் நடுகிறார்கள். 1995-ல் அரிசி இறக்குமதி வரி 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மலிவான அமெரிக்க அரிசி குவிந்தபின் இங்கே விளைவித்தவர்களில் பலர் நிலத்தைவிட்டுத் தலைநகரக் குடிசைகளுக்குப் போனார்கள். அன்னெத் எத்தியென் பிள்ளையோடு போன அதே வழி.

ஆறாம் நாள்: மயாமி, புத்தகக் கடை

ஹைட்டிக்குப் போகாமலே இந்த நூல்களைக் கையால் தொட அமெரிக்க நகரமான மயாமியின் லிட்டில் ஹைட்டி பகுதி போதும். அங்கே லிப்ரேரி மாப்பு என்ற கிரியோல் புத்தகக் கடை இருக்கிறது. நடத்துபவர் எழுத்தாளர் ஜான் மாப்பு. கிரியோல் வானொலி நிகழ்ச்சிக்காக 1969-ல் தூவாலியே சிறையில் இருந்தவர்.

எதில் தொடங்குவது? 'லுவாஸோ ஸ்கிஸோஃபோன்' வேண்டாம். முதலில் அதைத் தூக்கியவர்கள் பெரும்பாலும் நூறு பக்கத்தில் கீழே வைத்துவிடுகிறார்கள், மறுபடி அவரிடம் வருவதுமில்லை. 1968-ல் வந்த 'ம்யூர் ஆ க்ரவே' சரியான வாசல். ரேனான் வேலையின்றித் தலைநகரத் தெருக்களில் அலைகிறான்; அவன் நண்பன் போலன் ஒரு நாவல் எழுதுகிறான், எழுதும்போதே சுருளியம் என்னவென்று பேசுகிறான். வரைபடமும் நிலமும் ஒரே நூலில். ஆங்கிலத்தில் கையாமா க்ளோவர் 2014-ல் மொழிபெயர்த்தார். அடுத்து 'தெசாஃபி', ஆசலின் சார்ல்ஸின் 2018 ஆங்கில மொழிபெயர்ப்பு, எழுத்துரு வேறுபாடுகளை விடாமல் வைத்திருப்பதால் தைரியமாக வாங்கலாம். அது 2019-ல் அமெரிக்காவின் சிறந்த மொழிபெயர்ப்பு நூல் விருதின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. மூன்றாவதாக, 1972-ல் வந்த 'அல்ட்ராவோக்கல்'. அதில் எங்கே திறந்தாலும் படிக்கலாம்.

பிரெஞ்சு அகாதமி 2021-ல் அவருக்குப் பிராங்கோபோனி (பிரெஞ்சு மொழி உலகு) பெரும் பரிசைக் கொடுத்தது. அதையொட்டிக் கடைகளில் மறுபதிப்புகள் கிடைக்கின்றன. பழைய போர்த்-ஓ-பிரின்ஸ் பதிப்புகள் கிடைத்தால் வாங்கும் முன் முதுகுப் பசையைப் பாருங்கள். ஈரக் காற்றில் அது காய்ந்து, தாள்கள் கழன்றுவிடும். சித்திரப் பக்கங்கள்தான் முதலில் காணாமல் போகும், ஏனென்றால் அவற்றைத்தான் பிய்த்துச் சட்டம் போடுகிறார்கள். பக்க எண்களை வரிசையாக ஒருமுறை புரட்டிச் சரிபார்த்தபின் விலை பேசுங்கள்.